பேர் மாஸ்டரின் முறைப்பாடு

பேர் மாஸ்டரைப் போல் பெயர்ப் பைத்தியம் பிடித்த ஒருவர் கண்டி நகரில் முன்னும் இருந்ததில்லை, இனியும் பிறக்கப்போவதில்லை. கந்தோர்க் கதவை, எங்கள் அலுவலகக் கதவைத்தான், தட்டினால் "ஆர்?" என்பார். "நான்தான்" என்றால் திறக்கமாட்டார். உலகத்தில் எல்லாரும் நான்தானாம். கொட்டும் மழையில் நின்று முழுப்பெயரையும் ஒப்புவிக்க வேண்டும்.

யுத்த காலம் அது. யாழ்ப்பாணத்தில் கணக்குப் படிப்பித்தவர், எங்கள் கந்தோரில் கம்பியூட்டர் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தார். அவர் எழுதும் ஒவ்வொரு புரோகிராமும் ஓடத் தொடங்கியதும் முதல் வேலையாகத் தன் பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளும். சம்பளப் புரோகிராமில் ஏதும் பிழைத்தால், "சம்பளம்: பைலைத் திறக்க முடியவில்லை" என்று பெயரை முன்னால் போட்டுத்தான் திரையில் முறையிடும்.

"பேரில்லாத முறைப்பாடு மொட்டைக் கடிதம், தம்பி. ஆரெண்டு தெரியாமல் என்னத்தை விசாரிக்கிறது?" என்பார்.

ஒருமுறை எங்களோடு வேலைசெய்த மடவளை ஊர் நஸீம் சம்பளப் புரோகிராமைப் பிரதி பண்ணி லீவுக் கணக்குக்கு ஒன்று செய்தான். உள்ளே எழுதியிருந்த பெயரை மாற்ற மறந்துவிட்டான். மாதக் கடைசியில் லீவுக் கணக்கு பிழைக்க, "சம்பளம்: ஒன்றும் இல்லை" என்றது திரை. கந்தோர் முழுவதும் முதலாளியின் அறை வாசலில் கூடிவிட்டது. அடுத்தவன் பெயரில் முறையிடுவது மொட்டைக் கடிதத்தைவிட மோசம் என்று மாஸ்டர் அன்றைக்குச் சாப்பிடவேயில்லை. எந்தப் பெயரைச் சொல்லி ஓட விடுகிறோமோ அதையே தன் பெயராகப் பிடித்து வைத்துக்கொள்ளும்படி எல்லாப் புரோகிராமையும் மாற்றி எழுதினார்.

இவ்வளவு பித்திலும் தன் பெயரை மட்டும் வெளியே விடமாட்டார். பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றாலே பிடித்துக்கொண்டு போகும் நாட்கள். பொலிஸுக்குப் பயந்து பஸ் ஏறாமல் நடந்தே வேலைக்கு வருவார்.

ஒருநாள் கெலிஓயாவிலிருந்து வரும் வழியில், அடையாள அட்டை இல்லாமல் நான் பிடிபட்டேன். பொலிஸ் நிலையத்தில் வாங்குப் பலகையில் இருத்திவிட்டு, கொழும்புக்கு அனுப்பப்போவதாகப் பேசிக்கொண்டார்கள். போனவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று யாருக்கும் தெரியாது. முதலாளி போன் பண்ணி நல்ல பையன் என்றாராம். பேசுவது யார் என்று கேட்டதும் போனை வைத்துவிட்டாராம்.

மத்தியானம் மாஸ்டர் உள்ளே வந்தார். போய்விடும்படி கண்ணைக் காட்டினேன். அவர் பார்க்கவேயில்லை. இன்ஸ்பெக்டருக்கு முன் நின்று, தெரிந்த சிங்களத்தில் தன் முழுப்பெயரையும், தகப்பன் பெயரையும், பிறந்த ஊர் யாழ்ப்பாணம் என்பதையும் சொன்னார். அதன்பிறகுதான் வந்த காரியம். அவருடைய பெயரை நான் முதன்முதலாகக் கேட்டது அன்றுதான். அவரையும் என் பக்கத்தில் இருத்திவிட்டார்கள்.

"ஏன் மாஸ்டர் வந்தீங்க? பேரையாவது சொல்லாம இருந்திருக்கலாமே" என்றேன்.

"பேரைச் சொல்லாட்டி உமக்கு ஆர் பொறுப்பெண்டு எழுதுவாங்கள்?" என்றார்.

பொழுதுபடும் நேரத்தில் அவர் பொறுப்பில் என்னை விட்டார்கள். அவருடைய விபரத்தையும் பதிந்துகொண்டு போகச் சொன்னார்கள். வெளியே வந்தபோதுதான் கவனித்தேன், நாலடிக்கு ஒருமுறை பொலிஸ் வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தார். இத்தனை பயத்தையும் வைத்துக்கொண்டா எனக்காக வந்தார் என்று நினைத்ததும், நடுரோட்டில் எனக்கு அழுகை வந்துவிட்டது.