நாராயணசாமி இடிக்கச் சொன்ன தூண்

கள்ளக்குறிச்சியில் பெரிய டாக்டரைப் பார்க்க அரை நாள் போதும். தாலுகா ஆபீசில் கையெழுத்து வாங்க, ஆள் தெரிந்திருந்தால், நாலு நாள். வாஸ்து வேந்தர் நாராயணசாமியைப் பார்க்க மட்டும் ஐம்பத்திரண்டு நாள் காத்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் அவர் வாசலில் ஜாதகம் பார்க்கிற கூட்டம் மாதிரி ஒரு கூட்டம். ஆனால் கையில் ஜாதகம் இல்லை, சுருட்டிய வீட்டு பிளான். சின்னசேலத்து மக்காச்சோள வியாபாரி ஒருவர் இவர் பேச்சைக் கேட்டுத் தலைவாசலை எடுத்துப் பின்பக்கம் வைத்தார். இப்போது அந்த வீட்டுக்கு வரும் சம்பந்திகள் குளியலறையைத் தாண்டித்தான் கூடத்துக்குப் போகிறார்கள். கரியாலூரில் அருவியைப் பார்க்கவென்றே கட்டிய ஒரு விடுதியில், அருவிப் பக்கத்து ஜன்னல் ஆகாதென்று செங்கல் வைத்து அடைக்கச் சொன்னார். அடைத்தார்கள். அங்கே தங்குகிறவர்கள் அருவியை இப்போது செல்போனில் பார்த்துக்கொள்கிறார்கள்.

இத்தனை ஞானமும் அவருக்கு எங்கிருந்து வந்தது? திருக்கோவிலூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தபோது வந்ததாம். ஊரார் வீட்டு பிளான்களை நகலெடுத்துக்கொண்டே இருந்தவருக்கு ஒருநாள் மெஷின் வெளிச்சத்தில் வாஸ்து புருஷன் காட்சி கொடுத்தாராம். நகலெடுக்கப் போன யாருக்கும் அந்தக் காட்சி கிடைக்கவில்லை. மெஷின் மூடியைச் சாத்திவிட்டு எடுத்திருப்பார்கள்.

அவருடைய கருவி ஒரு தேங்காய். உள்ளங்கையில் அதைப் படுக்க வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடப்பார். எங்கே அது எழுந்து நிற்கிறதோ அங்கே பூமிக்குள் வாஸ்து புருஷனின் தொப்புள் இருக்கிறது. தொப்புள் மேல் எது இருந்தாலும் இடி! அடுப்பா, இடி! கக்கூஸா, இடி! "என் கண்ண நம்பாதீங்க. தேங்காய்க்கு மூணு கண்ணு இருக்குது. என் கண்ணக் கட்டி வுட்டாலும் அது காட்டும்" என்று ஒவ்வொரு வீடியோவிலும் சொல்வார். இரண்டு கண் இருக்கிறவர்கள் கும்பிடுவார்கள்.

சாலம்மாள் வீட்டுக்கு வருவோம். பதினெட்டு வருஷம் தையல் மெஷினை மிதித்து, ஊர்ப்பிள்ளைகளுக்கெல்லாம் யூனிபார்ம் தைத்து, மகள் ஷாலினியோடு வாடகை வீட்டில் கிடந்த சாலம்மாள், ஒரு வீடு கட்டத் தொடங்கினார். நல்ல வீடாக இருக்கட்டும் என்று சென்னையில் படித்த ஆர்க்கிடெக்ட் பவானியைப் பிடித்தார். உறுதியாக இருக்கட்டும் என்று இன்ஜினியர் தமிழழகனையும் பிடித்தார். அந்த இரண்டு பேரையும் ஒரே வீட்டுக்குள் விட்டதுதான் அவர் செய்த ஒரே தப்பு.

பவானிக்கு இன்ஜினியர் என்றால் குடோன் கட்டுகிறவர். தமிழழகனுக்கு ஆர்க்கிடெக்ட் என்றால் கோலம் போடுகிறவர். நேரில் பேசுவதில்லை. போனிலும் பேசுவதில்லை. பூசாத சுவரில் சாக்பீஸால் எழுதிவிட்டுப் போவார்கள். "கூடத்து நடுவில் தூண் வேண்டாம். பீமின் ஆழத்தைக் கூட்டவும்" என்று பவானி எழுதுவார். "கூட்டினால் தலையில் இடிக்கும். தூண் உண்டு" என்று தமிழழகன் எழுதுவார். "உங்கள் தலையில் இடித்தால் நல்லது" என்று மூன்றாவது வரி இருக்கும். கொத்தனார்கள் பீடி பிடித்தபடி தினமும் படிப்பார்கள்.

இரண்டு பேருமே தப்பாகச் சொல்லவில்லை. உட்கார்ந்து ஒரு டீ குடித்திருந்தால் முடிந்திருக்கும். ஆனால் டீ குடித்தால் தோற்ற மாதிரி ஆகிவிடுமே!

முதலில் இறங்கியவர் தமிழழகன். பவானி ஆசை ஆசையாக வரைந்த வட்ட ஜன்னலைக் கட்டுவது தொல்லை. அதை அவர் கணக்குப் போட்டு மறுக்கவில்லை. நாராயணசாமியைக் கூட்டி வந்தார். அவருக்கு மட்டும் வரிசை இல்லை, ஏன் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. தேங்காய் எழுந்தது, ஜன்னல் போனது. "வேந்தர் சொன்னா அப்பீலே கெடையாதும்மா" என்று சாலம்மாளிடம் இன்ஜினியரே சான்றிதழ் கொடுத்தார்.

பவானி சும்மா இருப்பாரா? அவரும் ரகசியமாகப் போய், அந்தத் தூணைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள் என்று வேந்தரிடம் காணிக்கை வைத்துவிட்டு வந்தார். தூண் எழும்பும் முன்பே வந்து சொல்வார் என்று நினைத்தார். ஐம்பத்திரண்டு நாள் வரிசையை மறந்துவிட்டார்! வேந்தர் வந்து சேருவதற்குள் தூண் எழும்பி, அதன் மேல் பீம் உட்கார்ந்து, பீம் மேல் தளமும் போட்டு, தளத்தைத் தாங்கியிருந்த சென்ட்ரிங் பலகையையும் பிரித்தாகிவிட்டது.

வேந்தருக்கு அதைப் பற்றி என்ன கவலை? வாங்கியதற்கு வேலை செய்தார். சீடன் செல்போனில் நேரலை ஓட்ட, தெருவே திரண்டு பார்க்க, தேங்காய் தூணருகில் எழுந்து நின்றது.

"ஐயையோ! புருஷன் தொப்புள்ல ஆணி அடிச்சு வச்சிருக்கீங்களே! இந்தத் தூணு நின்னா நாப்பத்தெட்டு நாள்ல இந்த வூட்டுப் பொண்ணு உசுரு நிக்காது. இப்பவே இடிங்க!"

சாலம்மாள் ஷாலினியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இடிச்சா தளம் மொத்தமா உழுந்துடும்மா!" என்று அலறினார் தமிழழகன்.

"அன்னிக்கு ஜன்னலுக்கு மட்டும் வேந்தர் சொன்னா அப்பீல் இல்லன்னீங்களே சார்? உங்க தூணுன்னா மட்டும் இருக்குதா?" என்றார் சாலம்மாள்.

தமிழழகன் பவானியைப் பார்த்தார். பவானி தரையைப் பார்த்தார். "உழுந்துடும்தான்க்கா. அவர் சொல்றது நெஜம்" என்று முனகினார். யார் காதில் விழும்? தெருவே "இடி, இடி" என்று கத்திக்கொண்டிருந்தது. சம்மட்டியோடு நாலு பேர் உள்ளே வந்துவிட்டார்கள். "கூரை போனா போவட்டும், எனக்குப் பொண்ணு வேணும்" என்று சாலம்மாள் அழுதபோது, எனக்கு அந்தக் கூட்டத்தின் மேல் வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது.

மணல் மேட்டில் சித்தாள் வெள்ளச்சி நின்றுகொண்டிருந்தார். கல்வராயன் மலையிலிருந்து இறங்கிக் கலவை சுமக்கிறவர். இரண்டு படிப்பாளிகளையும் கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

"இன்ஜினீர் சாரு, சேலம் ரோட்டுல நீங்க கட்டிக்கினு கீறீங்களே ஒரு வூடு, அது யாரு வூடு?"

தமிழழகன் குரலைத் தாழ்த்தினார். "வேந்தரு வூடு."

"அங்க கூடத்துல நட்டநடுவுல தூணு கீதில்ல? நான்தான கலவ தூக்கினேன்? அதுக்குத் தேங்கா எழுந்திரிக்கலயா?"

"அங்க அவரு தேங்காயே கொண்டாரல. நல்லா ஸ்ட்ராங்கா கட்டுன்னு மட்டும் சொன்னாரு."

மூன்று பேரும் தலையை ஒட்டிவைத்துப் பேசினார்கள். ஆர்க்கிடெக்டும் இன்ஜினியரும் ஒருவர் சொன்னதற்கு ஒருவர் தலையாட்டியது அன்றுதான் முதல் தடவை.

வெள்ளச்சி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனார். "சாமி, கண்ணக் கட்டினாலும் தேங்கா காட்டும்னு சொல்லிக்கினு கீறீங்க. காட்டச் சொல்லுங்க. ஊரச் சுத்திட்டு ஒரு வூட்டுல எறக்குறோம். இந்த வூடா வேற வூடான்னு சொல்ல மாட்டோம். தேங்கா சொல்லட்டும். சரியா சொல்லிட்டா மொத அடிய நானே அடிக்கிறேன்."

நேரலையில் நாலாயிரம் பேர். மாட்டேன் என்று சொல்ல முடியுமா? "கட்டு!" என்றார் வேந்தர்.

சாலம்மாளின் தையல் துணியில் ஒரு கறுப்புத் துண்டை எடுத்துக் கண்ணைக் கட்டினார்கள். லோடு ஆட்டோவில் ஏற்றி நாலு ரவுண்டு அடித்தார்கள். பின்னால் ஐம்பது பைக். சம்மட்டி ஆட்களும் சாலம்மாளும் கூடவே. ஆட்டோ சேலம் ரோட்டில் ஒரு வீட்டின் முன் நின்றதும் சீடனுக்குப் புரிந்துவிட்டது. வாயைத் திறந்தான். தமிழழகன் கூடவே வந்த பூஜைத் தட்டிலிருந்த வாழைப்பழத்தை உரிக்காமலே அந்த வாயில் திணித்தார். நழுவிய செல்போனைப் பவானி பிடித்து, நேரலை அறுந்துபோகாமல் படம் பிடித்தார். இப்படி ஒரு கூட்டு முயற்சியை வீடு கட்டும்போது காட்டியிருக்கலாம்.

வேந்தர் உள்ளே நடந்தார். அதே ஈரச் சிமெண்ட் வாசனை. பத்தடி போனதும் தோள் ஒரு தூணில் இடித்தது. முகம் மலர்ந்தது. தேங்காய் எழுந்தது.

"இதோ! இதே வூடு, இதே தூணு! கண்ணக் கட்டினாலும் என்ன ஏமாத்த முடியுமா? இது வூடில்ல, சுடுகாடு! இதுல குடிபோறவன் குடும்பமே வெளங்காது. இன்னாத்துக்கு நிக்கிறீங்க, இடிங்க!"

"நெஜமா இடிக்கலாமா சாமி?" என்றார் வெள்ளச்சி.

"இடிங்கறேன்!"

சம்மட்டி இறங்கியது. பூச்சு தெறித்தது. இரண்டாவது அடிக்குள் வெள்ளச்சி அவர் கண்கட்டை அவிழ்த்துவிட்டார்.

வேந்தர் தளத்தைப் பார்த்தார். ராஜஸ்தானிலிருந்து வரவழைத்து அடுக்கியிருந்த மார்பிளைப் பார்த்தார். சுவரில் சாய்த்து வைத்திருந்த 'வாஸ்து வேந்தர் இல்லம்' பலகையைப் பார்த்தார். பிறகு தூணை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"டேய், நிறுத்துங்கடா! தூண இடிச்சா தளம் உழுந்துடும்டா!"

சாலம்மாள் முன்னால் வந்தார். அழுத கண் இன்னும் காயவில்லை.

"உன் வூட்டுத் தளம் உழும். என் வூட்டுத் தளம் மட்டும் உழாதா? என் பொண்ணு அதுக்குக் கீழ நிப்பான்னு தெரியாதா உனக்கு?"

வெள்ளச்சி கீழே உருண்டு கிடந்த தேங்காயை எடுத்து உள்ளங்கையில் படுக்க வைத்தார். கட்டைவிரலை யாருக்கும் தெரியாமல் ஒரு நெல் அளவு அசைத்தார். எழுந்து நின்றது. விரலை எடுத்தார். படுத்தது. பக்கத்தில் நின்ற சம்மட்டிக்காரரிடம் விரலைக் காட்டித் தேங்காயைக் கொடுத்தார். இரண்டு முறை நழுவவிட்டு, மூன்றாம் முறை அவரும் நிறுத்தினார். பத்து நிமிஷத்தில் அந்தக் கூடத்தில் இருபது வாஸ்து வேந்தர்கள்.

நாராயணசாமியை அடிக்கப் போனார்கள். "அவர ஏன் அடிக்கிறீங்க? 'இடி, இடி'ன்னு கத்தினது நீங்கதான?" என்று சாலம்மாள் கேட்டதும் ஒவ்வொருவராக பைக்கைத் தேடிப் போனார்கள். பவானியும் தமிழழகனும் மட்டும் போகவில்லை. சாலம்மாள் அவர்களைத் தாண்டி மகளைத் தேடிப் போனார்.

அந்தத் தளம் எதனால் நிற்கிறது என்று ஐந்து வருஷம் காலேஜில் படித்த ஆர்க்கிடெக்டுக்குத் தெரியும். நாலு வருஷம் படித்த இன்ஜினியருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே தேங்காயிடம் போனார்கள், ஒருவரை ஒருவர் ஜெயிப்பதற்காக. தெரியாதவர்களை ஏமாற்ற ஒரு நாராயணசாமி போதும். ஆனால் தெரிந்தவர்கள் கைகட்டி நிற்காமல் எந்த நாராயணசாமியும் வேந்தராக முடியாது. அடுத்த முறை யாராவது எதையாவது இடிக்கச் சொன்னால், சம்மட்டியைத் தூக்குமுன் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "உங்க வூட்டுல இடிச்சிட்டீங்களா?"