எலுமிச்சம்பழம் குத்த ஒரு கத்தி

கல்யாணம் நிச்சயமான ஆண்பிள்ளையைப் போலப் புத்தி கெட்ட ஜீவன் உலகத்தில் வேறு கிடையாது. ஊரே அவனை 'மாப்ளே, மாப்ளே' என்று கூப்பிடும். டீக்கடையில் பெஞ்சைத் துடைத்து உட்காரச் சொல்வார்கள். அவனும் தன்னிடம் ஏதோ இருக்கிறது என்று நம்பத் தொடங்கிவிடுவான். நானும் அப்படித்தான் நம்பினேன். நம்பியதோடு நிற்காமல் கத்தி வாங்கப் போனேன்.

எங்கள் உத்திரமேரூர்ப் பக்கத்தில், நலங்கு வைத்த நிமிடத்திலிருந்து மாப்பிள்ளை கையில் ஒரு சின்னக் கத்தி இருக்க வேண்டும். காத்து கருப்பு அண்டாமலிருக்க இரும்பு. அதன் நுனியில் ஒரு எலுமிச்சம்பழம். தாலி கட்டும்வரை அதைக் கீழே வைக்கக் கூடாது. சாப்பிடும்போது இடது கையில், தூங்கும்போது தலையணைக்கு அடியில், கொல்லைப்பக்கம் போனாலும் கூடவே. (அங்கே எலுமிச்சம்பழத்தோடு ஒருவன் படுகிற பாட்டை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது.)

இதற்கென்றே எங்கள் வீட்டில் ஒரு கத்தி இருந்தது. என் அப்பா, சித்தப்பா, அண்ணன் எல்லாரும் அதைப் பிடித்துத்தான் குடும்பஸ்தர்கள் ஆனார்கள். முழுக்கத் துரு, பிடியில் கயிறு சுற்றியிருக்கும். அதை வைத்து மோரைக்கூட அறுக்க முடியாது. அம்மா போன பிறகு எங்களை வளர்த்த பெரியம்மா அதைப் புளி போட்டுத் தேய்த்து எடுத்து வைத்திருந்தார்.

எழுபதுகளின் கடைசி அது. எங்கள் குடும்பத்திலேயே முதல்முறையாக என் கல்யாணத்துக்குக் காஞ்சிபுரத்திலிருந்து போட்டோக்காரர் வரப்போகிறார். பெண்ணுக்கு ஊர் கூரம். பெயர் கோமளா. பெண் பார்க்கப் போனபோது அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. என்னைப் பார்த்தாளா என்பதே சந்தேகம். உரக்கடையில் பில் போடுகிற நான், கையில் துருப்பிடித்த கத்தியோடு ஆயுசுக்கும் போட்டோவில் நின்றால் அவள் என்ன நினைப்பாள்? இந்த ஒரே கவலையில் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளுடைய அத்தை ஒருத்தி வேறு இருந்தார். கிளம்பும்போது யாரோ தும்மினார்கள் என்று ஏற்கெனவே ஒரு சம்பந்தத்தையே முறித்தவர். அவரைப் பற்றித்தான் நான் கவலைப்பட்டிருக்க வேண்டும்.

முதலில் என் பேனாக்கத்தியைக் காட்டினேன். முத்துப் பிடி போட்டது, அழகாக மடங்கும்.

"மடங்கற கத்தி ஆவாதுடா" என்றார் பெரியம்மா. "காத்து கருப்பு எதிர்ல வந்து நின்னா, 'இரு, பிரிக்கிறேன்'னு சொல்லுவியா?"

ஆக, சின்னதாக இருக்க வேண்டும், மடங்கக் கூடாது, போட்டோவில் எடுப்பாக விழ வேண்டும். கொல்லரிடம் சொல்லி அடித்தது கலப்பைக் கொழுவின் தம்பி மாதிரி வந்தது. பாத்திரக்கடையில் எவர்சில்வர் காய்கறிக் கத்தி ஒன்று பளபளவென்று இருந்தது. என் சிநேகிதனும் மாப்பிள்ளைத் தோழனுமான ஏகாம்பரம் அதைப் பார்த்துவிட்டு, "வாணாண்டா. சமையக்காரன்னு நெனச்சி உன்ன அடுப்பாண்ட அனுப்பிடுவாங்க" என்றான். ஏகாம்பரம் விவரமானவன். மெட்ராஸுக்கு இரண்டு தடவை போயிருக்கிறான். அதனால் இருவரும் பஸ் ஏறி பர்மா பஜார் போனோம்.

அங்கே ஒரு கடைக்காரர் தோல் உறையிலிருந்து ஒரு கத்தியை உருவினார். ஒரு சாண் நீளம்கூட இல்லை. முகம் பார்த்துத் தலை வாரலாம்.

"எதுக்கு சார்?" என்று கேட்டார்.

"எப்பவும் கையிலயே வச்சிக்கினு இருக்கணும்" என்றேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "ஆளு யாரு சார்?" என்றார்.

"கூரத்துப் பொண்ணுங்க" என்றான் ஏகாம்பரம். "வர்ற ஞாயித்துக்கெயம, காலைல ஆறுலேர்ந்து ஏயரைக்குள்ள முட்ச்சிடணும்."

அவர் அக்கம்பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். தன் முன்கையில் கத்தியை ஓட்டிக் காட்டினார்; சோப்பில்லாமலே ரோமம் வழித்துக்கொண்டு வந்தது. சொன்ன விலையில் பாதியை அவராகவே குறைத்தார். அவ்வளவு நல்ல மனிதரை நான் மெட்ராஸில் பார்த்ததே இல்லை என்று பஸ்ஸில் ஏகாம்பரத்திடம் சொல்லிக்கொண்டே வந்தேன்.

நலங்கு அன்றுதான் பழைய கத்தியின் அருமை தெரிந்தது. மொண்ணைக் கத்தியில் எலுமிச்சம்பழம் கவ்விப் பிடித்துக்கொள்ளும். என் கத்தியில் குத்தினால், பழம் தானாகவே வழுக்கி இறங்கி, இரண்டாகப் பிளந்து, இந்தப் பக்கம் பாதி அந்தப் பக்கம் பாதி விழும். மாப்பிள்ளை கையிலிருந்து பழம் விழுந்தால் பெண்கள் எல்லாரும் "ஐயய்யோ" என்பார்கள். உடனே வேறு பழம் குத்த வேண்டும். ஏகாம்பரம் ஒரு மஞ்சள் பை நிறையப் பழத்தோடு என் பின்னாலேயே அலைந்தான். நல்ல கோடை, பழம் ஆனை விலை. "பேஜாரா கீதுடா. இத்தினி பழத்துக்கு ஊருக்கே ஜூஸ் போட்டுக் குடுத்து புண்ணியம் கட்டிக்கினு இருக்கலாம்" என்று முனகினான்.

நலங்கு வைத்த ராத்திரியே தலையணை கிழிந்து, காலையில் இலவம்பஞ்சு மூஞ்சியோடு எழுந்தேன். இரண்டாம் நாள் பழம் மாற்றும்போது ஏகாம்பரத்தின் கட்டைவிரல் போயிற்று.

"அந்தப் பழங்கத்தியவே வச்சிக்கடா கண்ணு" என்று பெரியம்மா கெஞ்சினார்.

"போட்டோ பெரிம்மா" என்றேன் நான். (அன்றைக்கு யாராவது என்னை ஒரு அறை விட்டிருந்தால் அவர்களுக்குக் கோயில் கட்டியிருப்பேன்.)

ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம். கோமளா தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். ஐயர் தாலியை நீட்டிய நேரத்தில் பழம் பிளந்து விழுந்தது. ஏகாம்பரம் வேறு பழம் எடுக்க ஓடினான். கத்தியை வாங்கிக்கொள்ள வேண்டியவன் அவன்தான். கீழே வைக்கலாமா என்று யோசித்தேன். பந்தலில் எதிரே உட்கார்ந்திருந்த பெரியம்மா, வைக்காதே என்று கண்ணாலேயே மிரட்டினார். சரி, ரெண்டு விரல் இடுக்கில் கத்தி இருக்கட்டும், மிச்ச விரலால் முடிச்சுப் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். கெட்டிமேளம் முழங்கியது.

கோமளாவின் கழுத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கயிறுதான் அறுந்தது. தாலி நழுவி அவள் மடியில் விழுந்தது.

பந்தல் அப்படியே உறைந்துபோயிற்று. மேளக்காரர்களுக்கு மட்டும் எதுவும் தெரியவில்லை. என்ன நடந்தாலும் நிறுத்தக் கூடாது என்று சொல்லி வைத்திருந்ததால், கூட்டத்துக்குப் பின்னாலிருந்து வெளுத்துக் கட்டினார்கள். அதையும் மீறி அத்தையின் குரல் வந்தது.

"எயுந்துருடி! கட்றதுக்கு முன்னாலயே அந்துபோச்சி! இந்தக் கல்யாணம் வாணாம், பொண்ண இட்டுக்கினு போலாம் வாங்க!"

என் மாமனார் எழுந்து நின்றார். அவர் பின்னால் கூரமே எழுந்து நின்றது. பெரியம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். கோமளா எழுந்து போய்விடுவாள், போட்டோ எதற்கும் இல்லாமல் போய்விடும், நான் ஆயுசுக்கும் இந்தக் கத்தியும் கையுமாக உத்திரமேரூரில் திரிவேன் என்று தோன்றி, நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. அந்த நிலைமையிலும் கத்தியை நான் கீழே வைக்கவில்லை.

கோமளா தலையை நிமிர்த்தினாள்.

"சும்மா இரு அத்த. கூரா கீற கத்தி கயிறு அறுக்காம பின்ன இன்னா பண்ணும்?" என்றாள். அப்புறம் என் பக்கம் திரும்பிக் கையை நீட்டினாள். "அத இப்டி குடுங்க."

அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். கொடுத்துவிட்டேன்.

ஐயர் பையைத் துழாவி, "நூல்கண்டு இருக்கு, மஞ்சள் தடவிடலாம். அறுக்கத்தான் ஏதாவது..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். பந்தலே கோமளாவின் கையைப் பார்த்தது. அவள் நூலை அளந்து ஒரே இழுப்பில் அறுத்துக் கொடுத்தாள். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். மாமனாரும் சிரித்துவிட்டு உட்கார்ந்தார். புதுக் கயிற்றில் தாலி கோத்து, அவள் கத்தியைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்க, நான் இரண்டு கையாலும் கட்டினேன்.

"பொண்ணு கையில கத்தியா? எங்கனா உண்டா?" என்றார் அத்தை.

"இரும்பு ஆரு கையில இர்ந்தா இன்னா? காத்து கருப்பு வராது" என்றார் பெரியம்மா, உயிர் திரும்பியவராக.

போட்டோக்காரர் கெட்டிக்காரர். நான் முடிச்சுப் போடக் கையைத் தூக்கிய சமயம் பார்த்துத்தான் அமுக்கியிருந்தார். படம் இன்றும் எங்கள் ஹாலில் தொங்குகிறது. கோமளா கையில் பளபளக்கும் கத்தி. பக்கத்தில் கண் கலங்கி, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நான். புதிதாக வருகிறவர்கள், "இது இன்னா, கொள்ளையா?" என்று கேட்பார்கள். வீட்டில் நான் குரலை உயர்த்தி எதையாவது முடிவு செய்தால், என் மகன் படத்தைக் கைகாட்டுவான்.

போன வருஷம் அவனுக்கு நலங்கு வைத்தபோது, கோமளா அந்தப் பழைய துருக் கத்தியைத் தேடி எடுத்து அவன் கையில் கொடுத்தாள். பர்மா பஜார் கத்தி சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கிறது. தாலி கட்டி முடித்ததும் கத்தியை மாப்பிள்ளையிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அன்றைக்கு யாரும் அவளிடம் சொல்லவில்லை. நானும் இதுவரை கேட்கவில்லை.