கூட்டிப் பெருக்கியவர்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கத்தை இனி யார் கெடுத்தாலும் பொறுப்பதில்லை என்று கட்டக்காரர் சபதம் எடுத்தார். "யார்" என்பது மரியாதைக்குச் சொன்னது. வீட்டில் இருந்தது அவரும் மனைவியும் மட்டும்தான்.

கிடங்கு ஒன்றில் சரக்கு இருப்பைப் பார்க்கிற உத்தியோகம் அவருக்கு. ஆணி முதல் அலமாரி வரை எதையும் கம்ப்யூட்டரில் கட்டம் போட்டு அடைத்துவிடுவார். அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். ஞாயிறு சாப்பிட்டுவிட்டு சோபாவில் சாய்ந்து கண் சொருகும் நேரம் பார்த்து, "ஏங்க, ஹாலைக் கொஞ்சம் கூட்டுங்களேன்" என்று குரல் வரும். பாதித் தூக்கத்தில் துடைப்பம் பிடிக்கிற வேதனை பிடித்தவருக்குத்தான் தெரியும்.

"இந்த வீட்ல யாரு அதிகமா வேலை செய்றாங்கன்னு ஒரு வாரம் ஷீட் போட்டுப் பார்ப்போம்," என்றார் மனைவியிடம். "ஜெயிச்சவங்க ஞாயித்துக்கிழமை தூங்கலாம். தோத்தவங்க ஹாலைக் கூட்டணும். நீ செஞ்சதை போன்ல அனுப்பு, நான் ஏத்திக்கிறேன்."

"எப்படி எழுதி அனுப்பணும்?"

"உன் இஷ்டம்மா."

சூழ்ச்சியே அந்த இஷ்டத்தில்தான் இருந்தது. "பாத்திரம் கழுவினது" என்பதற்கு நேராக "14 தடவை" என்று வந்தது. "துணி துவைச்சது" என்பதற்கு நேராக "5 வாளி". எண்ணோடு ஒரு சொல் ஒட்டிக்கொண்டால் ஷீட் அதை எண்ணாக மதிக்காது. எழுத்து என்று இடப்பக்கம் ஒதுக்கிவைக்கும், கூட்டலில் சேர்க்காது. கட்டக்காரருக்கு இது நன்றாகவே தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. தன்னுடையதை மட்டும் சுத்தமான எண்ணாகப் போட்டுக்கொண்டார். பால் பாக்கெட்டை உள்ளே எடுத்து வைத்தது 7. விளக்கை அணைத்தது 9. அவள் தரை துடைக்கும்போது காலைத் தூக்கிக் கொடுத்தது 3. கூட்டியது 6.

ஞாயிறு வந்தது. கட்டக்காரர் தொண்டையைச் செருமினார்.

"என்னுது இருபத்தஞ்சு. உன்னுது பூஜ்யம்."

மனைவி திரையை ஒரு பார்வை பார்த்தாள். மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். டாக்டர்களின் கையெழுத்தையே படித்துவிடுகிறவள். சண்டை வரும் என்று கட்டக்காரர் காத்திருந்தார். வரவில்லை.

"நான் ஒண்ணுமே செய்யலையா?"

"நான் சொல்லலைம்மா. கம்ப்யூட்டர் சொல்லுது."

"அது பொய் சொல்லாதுங்க. அப்ப என் வேலையையும் நீங்களே பாத்துக்குங்க."

"என்னது?"

"இருபத்தஞ்சோட பூஜ்யத்தைக் கூட்டினா எவ்வளவு?"

"இருபத்தஞ்சு..."

"பாத்தீங்களா! உங்களுக்கு ஒரு சுமையும் கூடாது. சமையல், பாத்திரம், துணி எல்லாத்தையும் இன்னைலேர்ந்து ஆரம்பிங்க."

"தினமுமா?"

"பூஜ்யத்துக்கு ஏதுங்க லீவு?"

சோபாவில் சௌகரியமாக உட்கார்ந்து ஒரு வாரப் பத்திரிகையைப் பிரித்தாள். சமையலறைத் தொட்டியில் பாத்திரம் கழுத்துவரை கிடந்தது. கட்டக்காரருக்கு உச்சந்தலையில் வேர்த்தது.

"ஷீட்ல ஏதோ தப்பு இருக்கும்மா!"

"சேச்சே, நீங்க போய்த் தப்பு பண்ணுவீங்களா?"

பாய்ந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். "தடவை"யைத் தேடித் தேடி அழித்தார். "வாளி"யை அழித்தார். பூஜ்யம் அசையவில்லை. எண்ணுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் ஓர் இடைவெளி ஒளிந்திருந்தது. அதையும் துரத்தினார். அப்போதும் எல்லாம் இடப்பக்கமே முறைத்துக்கொண்டு நின்றன. மனைவி செய்த வேலையை நிரூபிக்க இவ்வளவு பாடுபட்ட கணவன் அந்தத் தெருவிலேயே கிடையாது.

"என்னங்க பண்றீங்க?"

"பெருக்கறேம்மா."

"ஹாலையா?"

"இல்ல, உன் எண்ணையெல்லாம் ஒண்ணால பெருக்கறேன். அப்பத்தான் எழுத்து எண்ணாகும்."

"பெருக்குங்க, பெருக்குங்க."

பெருக்கினார். அத்தனை எண்ணும் ஒரே தாவாக வலப்பக்கம் தாவின. மொத்தம் நூற்றுப் பதினெட்டு.

"அப்பாடா!" என்று நாற்காலியில் சரிந்தார். போன உயிர் திரும்பி வந்தது. "நீதாம்மா ஜெயிச்சே! நான் தோத்துட்டேன்!" தோற்றதற்குக் கிட்டத்தட்ட ஆடியே விட்டார்.

"அது எனக்குத் தெரியுங்க. கடையில மாத்திரை இருப்பை ஷீட்ல ஏத்தறது யாரு? 'தடவை'ன்னு சேர்த்து எழுதினா கூடாதுன்னு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சேவா அனுப்பினே?"

"நீங்க சொல்றீங்களான்னு பார்த்தேன். அது சரி, உங்க கணக்குல 'கூட்டியது ஆறு'ன்னு இருக்கே. எந்த ரூமைக் கூட்டினீங்க?"

"அது... ஷீட்ல கூட்டினது."

அவள் கதவுப் பக்கம் கையைக் காட்டினாள். துடைப்பம் தயாராகச் சாய்ந்திருந்தது. கட்டக்காரர் சந்தோஷமாகவே எடுத்தார். வெறும் ஹால்தானே? சமையல் இல்லை, பாத்திரம் இல்லை, துணி இல்லை. தப்பித்தோம் என்று மூலை மூலையாகப் பெருக்கிக்கொண்டே சோபாவுக்கு வந்தார்.

மனைவி பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்காமல் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டாள்.

"என் கணக்குல ஒண்ணு சேர்த்துக்குங்க."