நாலு சத்தக் கச்சேரி

அந்த ஞாயிற்றுக்கிழமை பகலில் கூடத்தில் இருந்தவர்கள் நாலு பேர்: தெருக் குழாயெல்லாம் பழுது பார்க்கும் ஃபிட்டர், அவர் மனைவி, பஸ் ஓட்டும் மச்சான், பக்கத்து வீட்டுத் தையல்கார அம்மா. சத்தங்களும் நாலு: சொட்டும் குழாய், கிறீச்சிடும் கதவு, கடகடக்கும் மின்விசிறி, ஃபிட்டரின் வயலின்.

முதல் மூன்றைச் சரிசெய்யச் சொல்லி மனைவி கேட்க ஆரம்பித்து இரண்டு வருஷம் நாலு மாதம் ஆகிறது. ஊருக்கெல்லாம் ஓடுகிற ஃபிட்டர், சொந்த வீட்டில் ஸ்பேனரைத் தொடமாட்டார். போன மாதம் பழைய வயலின் ஒன்றை வாங்கிவந்தவர் அறிவித்தார்:

"இதெல்லாம் பழுது இல்லடி, வாத்தியம்! குழாய் தாளம் போடுது, கதவு இழுக்குது, விசிறி உருட்டுது. நான் வயலின் சேர்த்தா புது சங்கீதம்!"

"அப்படியா? எங்க அண்ணன் கேட்டுட்டுக் கை தட்டட்டும். தட்டிட்டா இனி ரிப்பேர்ங்கற பேச்சையே எடுக்க மாட்டேன்."

ஆயுள் முழுக்க ஞாயிற்றுக்கிழமை ஓய்வு! மச்சான் வந்த அந்த ஞாயிறு, ஃபிட்டர் புதுச் சத்தம் வர வயலின் கம்பிகளில் துணி கிளிப் இரண்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். தையல்கார அம்மா கதவை ஆட்டினாள். கச்சேரி தொடங்கியது. மச்சானின் முகம் பிரேக் பிடிக்காத பஸ்ஸில் உட்கார்ந்தது போல ஆனது.

"அருமைங்க!" என்றாள் மனைவி. "குழாய்தான் ஒரு துளி முந்துது. உங்க காதுக்குத் தெரியாததா?"

அரைச்சுற்று முறுக்கி வரலாம் என்றுதான் போனார். முப்பத்தோரு வருஷமாக அரைகுறை வேலை தெரியாத கை அது. வாஷரையே மாற்றிவிட்டது. சொட்டு நின்றது.

"போச்சே!"

"போகட்டும் மாப்ளே, கதவு இருக்கே!" என்றார் மச்சான்.

"கதவு சுருதி ஏறிக் கிடக்கு அண்ணே," என்றாள் தையல்கார அம்மா. "ஒரு சொட்டு எண்ணெய் விட்டா இறங்கிடும்."

அந்தக் கை மூன்று கீலுக்கும் எண்ணெய் விட்டது. கதவு பூனை மாதிரி நடந்தது.

"விசிறி இன்னும் கணீர்னு உருட்டலாமேங்க?"

ஸ்டூலில் ஏறினார். கை நாலு ஸ்க்ரூவையும் இறுக்கிவிட்டுத்தான் இறங்கியது.

கூடம் கப்சிப். வேறு வழியில்லாமல் வயலினை மட்டும் வாசித்து முடித்தார். மச்சான் படபடவென்று கை தட்டினார்.

"தட்டிட்டாரு! வாக்கு என்னாச்சு?" என்று துள்ளினார் ஃபிட்டர்.

"காத்து இப்பதான் நல்லா வருது மாப்ளே. அதுக்குத் தட்டினேன்."

"எதுக்குத் தட்டினாலும் வாக்கு வாக்குதாங்க," என்றாள் மனைவி. "இனி ரிப்பேர்னு பேச மாட்டேன். பேச என்ன இருக்கு?"

காலண்டருக்குப் பின்னால் செருகியிருந்த சத்தங்களின் பட்டியலை எடுத்தாள். மூன்று வரியை அடித்தாள். வயலினைப் பார்த்தாள்.

"மிச்சம் ஒண்ணு."