சினோராவின் கைப்பக்குவம்

வெள்ளுள்ளி கருகிய மணம் வீடு முழுக்கப் பரவிவிட்டது. கனகலிங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. கருகவில்லை, பொன்னிறமாகியிருக்கிறது என்று குசினிக்குள் நின்று கத்தினார். கரிக்கட்டியைப் பொன்னிறம் என்கிற மனிசனோடு என்னத்தைப் பேசுவது? முன்னறையில் இருந்த மனைவி ரமா பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

ஆறு மணிக்கு இசபெல் வருகிறாள். வால்தம்ஸ்டோவில் சின்னதாக ஓர் இத்தாலியச் சாப்பாட்டுக்கடை நடத்துபவள், சமைக்க ஆள் தேடிக்கொண்டிருந்தாள். 2009ஆம் ஆண்டு லண்டனில் வேலை கிடைப்பது குதிரைக்கொம்பு. கனகலிங்கம் வேலை செய்த அச்சகத்தையும் கோடையில் மூடிவிட்டார்கள். மனிசன் சும்மா இருந்தாரா? பதினாலு வருஷம் இத்தாலியில், பலெர்மோவில் இருந்தவன், அசல் தக்காளிச் சோஸ் எனக்குத் தண்ணிபட்ட பாடு என்று அவளிடம் அளந்துவிட்டு வந்தார். அப்படியென்றால் வீட்டுக்கே வந்து ருசி பார்க்கிறேன், பிடித்தால் வேலை உனக்குத்தான் என்று அவளும் சொல்லிவிட்டாள்.

பலெர்மோவில் இவர் சமைக்கப் போகவில்லை. வயதான ஒரு சினோராவின் வீட்டில் தரை துடைத்தார். வீட்டுக்கார அம்மாவை அங்கே சினோரா என்பார்கள். கறி மணம் சினோராவுக்கு ஆகாதென்று, ரமா தினமும் பாஸ்தாவும் தக்காளிச் சோசும்தான் பெட்டியில் கட்டிக் கொடுப்பாள். இவர் அதைத் திறந்தும் பார்க்காமல் சினோராவின் குசினி மேசையில் வைத்துவிடுவார். மத்தியானத்தில் சினோராவே வெள்ளைப் பீங்கானில் இவருக்குச் சாப்பாடு வைப்பார். பெட்டியில் இருந்தது பின்வளவுப் பூனைகளுக்குப் போய்விடுமாம். அதையும் வீட்டுக்கு வந்து வெட்கமில்லாமல் ரமாவிடம் சொல்வார். லண்டனுக்கு வந்த பிறகும், அவள் சோஸ் காய்ச்சினால் எவர்சில்வர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, சினோராவின் கைப்பக்குவம் உனக்கு வராது என்பார். கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துவிட்டது. வயிறும் எரிந்தது.

அப்படியிருந்தும் இன்றைக்கு, உள்ளி கருகுவதற்கு முதல், அவள்தான் இறங்கி வந்தாள். எண்ணெய் சூடாகிறதுக்கு முதலே உள்ளியைப் போட்டு மெல்லிய நெருப்பில் வாட்டவேண்டும், தக்காளியைக் கையால் பிசைந்து விட்டு அதன்பாட்டில் வற்ற விடவேண்டும், கடைசியில் துளசி மாதிரியான பசிலிக்கோ இலையைக் கிள்ளிப் போட்டால் போதும் என்று பொறுமையாகச் சொன்னாள். அது பூனைச் சாப்பாட்டுக்கு என்றார் மனிசன்.

ரமா கரண்டியைச் சிங்குக்குள் எறிந்தாள்.

"இனி நான் சோஸ் காய்ச்சினா என்ர பேர் ரமா இல்லை. உங்கட சினோராவைக் கேட்டுக் காய்ச்சுங்கோ."

கோட்டைப் போட்டுக்கொண்டு முன்னறையில் போய் இருந்தாள். இசபெல்லுக்குக் கதவைத் திறந்துவிட்டுத் தங்கச்சி வீட்டுக்குப் போவதாக முடிவு.

கனகலிங்கம் விடுவாரா? கருகல் கசப்பை அடக்கச் சீனி போட்டார். பாயாசமாகிவிட்டது. இனிப்பை முறிக்கத் தேசிக்காய் பிழிந்தார். புளிப்பை முறிக்க உப்பு. உப்பை இழுக்க உருளைக்கிழங்கு. கிழங்கு கரைந்து சோஸ் களியாக இறுகியது. அதை இளக்கப் பாஸ்தா அவித்த தண்ணீரை அள்ளி ஊற்றினார். அந்தத் தண்ணீருக்கு ஏற்கெனவே கை நிறைய உப்புப் போட்டதை மறந்துபோனார். பாஸ்தா கேட்பாரில்லாமல் கூழாகிக் கிடந்தது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். லண்டன் தக்காளி சரியில்லை என்றார். அடுப்புச் சரியில்லை என்றார். கடைசியில் முன்னறைப் பக்கம் திரும்பி, வீட்டில் ஒருத்தி வயிறெரிந்துகொண்டு இருந்தால் எது சரிவரும் என்று பாய்ந்தார். ரமா கோட்டின் பொத்தானைப் பூட்டிக்கொண்டாள்.

ஆறு மணி நெருங்கியது. வேறு வழியில்லை, பலெர்மோவுக்குப் போன் அடித்தார். இப்போது சினோராவின் வீட்டில் வேலைக்கு நிற்கும் பெர்னடெற் எடுத்தாள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, இவருக்குத் தெரிந்தவள். ரமாவும் கேட்டுப் படிக்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டு, போனை முன்னறை மேசையில் கொண்டுவந்து வைத்தார்.

"பிள்ளை, சினோராட்டக் கேளும். எனக்கு வெள்ளைப் பீங்கானில போட்டுத் தாற சோஸ், அதை எப்பிடிக் காய்ச்சினவ எண்டு. கெதியாக் கேளும்."

பெர்னடெற் இத்தாலியனில் கேட்பது காதில் விழுந்தது. பிறகு சினோரா சிரிப்பது கேட்டது. சிரிப்பு நிற்கவேயில்லை. இந்த நேரம் பார்த்து வாசல் மணியும் அடித்தது. இருவரும் எழும்பவில்லை.

பெர்னடெற் திரும்பி வந்து, சொல்வதற்குக் கொஞ்சம் தயங்கினாள்.

"அண்ணை, குறை நினையாதேங்கோ, சினோராவுக்கு ஒரு முட்டை அவிக்கவும் தெரியாதாம், உங்கட பெட்டியில பாதியை அவ சாப்பிட்டிட்டு, மற்றப் பாதியைச் சூடாக்கித்தான் வெள்ளைப் பீங்கானில உங்களுக்குத் தாறவவாம், எப்பிடிக் காய்ச்சிறதெண்டு ரமா அக்காவைக் கேட்கட்டாம்."