சிவப்பு பட்டன் கட்டிய பெட்டி

உலகத்தில் இயந்திரம் கட்டியவர்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். ஆனால் ஓர் இயந்திரத்தை, அதை நிறுத்துகிற பட்டனிலிருந்து கட்ட ஆரம்பித்த ஒரே ஆத்மா பழவேற்காட்டில்தான் இருக்கிறது என்று நான் எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சத்தியம் செய்யத் தயார். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கக்கூடும். குப்பத்தில் எல்லோருக்கும் அவர் 'செவப்பு பட்டன்'.

நான் அப்போது பழவேற்காட்டுக்கு மாற்றலாகிப் போன வங்கி குமாஸ்தா. ஏரிக்கரையை ஒட்டிய மீனவர் குப்பத்தில் அவர் வீட்டு முன்போர்ஷனில் குடியிருந்தேன். அவர் படகு எஞ்சின் மெக்கானிக். ஒரு சின்ன பாகம் உடைந்தால்கூட அது சென்னையிலிருந்து வரும்வரை படகு மணலில் கிடக்கும், படகுக்காரன் அவர் வாசலில் கிடப்பான். இந்தத் தொல்லை பொறுக்காமல், கம்ப்யூட்டர் சொல்கிறபடி இரும்பையும் அலுமினியத்தையும் குடைந்து செதுக்குகிற சி.என்.சி. மில்லிங் மிஷின் ஒன்றை வீட்டிலேயே கட்டிவிடுவது என்று முடிவு செய்தார்.

"இன்னா சார் சொல்றீங்க? சரியா வருமா?" என்று என்னைக் கேட்டார்.

நான் பி.காம். படித்தவன். ஒன்றும் புரியாததால் தலையை ஆட்டினேன். அந்த ஒரு தலையாட்டலை நம்பி, நான் அங்கே இருந்த காலம் முழுக்க என்னை விவரம் தெரிந்தவனாகவே நடத்தினார்.

முதல் பார்சல் வந்தது. மோட்டாரோ இரும்புச் சட்டமோ வரும் என்று தெருவே கூடி நின்றது. உள்ளே இருந்தது உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிவப்பு பட்டன். ஆபத்து வந்தால் ஓங்கிக் குத்தி நிறுத்துவதற்காம்.

"மிஷின் எப்பண்ணே வருது?" என்றேன்.

"அது கடசீல சார். ஓட்டறதுக்கு இன்னா, எவன் வேணா ஓட்டுவான். மொதல்ல நிறுத்தத் தெரியணும்."

நிறுத்துவதற்கு மிஷின் இல்லாததால், பட்டனைச் சோதித்துப் பார்க்க வீட்டு மெயினிலேயே இணைத்துவிட்டார். குத்தினால் மொத்த வீடும் அணையும். என் போர்ஷனும் அந்த மொத்தத்தில் சேர்த்தி. என் ஃப்ரிட்ஜில் பால் திரிந்துபோன நாட்களுக்குக் கணக்கே இல்லை. பட்டனால் உடனடியாகப் பயனடைந்தவர் அவர் மனைவி தேவகி அக்காதான். கூப்பிட்ட குரலுக்குப் புருஷன் சாப்பிட வராவிட்டால் அக்கா பேசாமல் போய் ஒரு குத்து விடுவார். வீடு இருண்டுபோகும், அவர் தட்டு முன்னால் வந்து உட்கார்ந்துவிடுவார். கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு வசதி இல்லாமல் போச்சே என்று அக்கா என்னிடம் வருத்தப்பட்டார்.

பாதுகாப்பு விதிகளை அவர் போனில் வீடியோ பார்த்துத்தான் கற்றுக்கொண்டார். அவற்றில் பேசப்பட்ட பாஷை எதுவும் அவருக்குத் தெரியாது. பேசுகிறவர் விரலைக் காட்டி முகத்தைச் சுளித்தால் அது ஆபத்து என்று எடுத்துக்கொள்வார். அப்படித்தான், சுற்றுகிற மிஷின் பக்கத்தில் தொளதொள உடுப்பு ஆகாது என்று கண்டுபிடித்தார். மீனவக் குப்பத்தில் லுங்கி இல்லாத ஆண்பிள்ளைக்கு எங்கே போவது? வாசலில் ஒரு டப்பா நிறையத் துணி மாட்டும் கிளிப்பை வைத்தார். உள்ளே வருகிறவன் லுங்கியை மடித்துக் கட்டி, நாலு பக்கமும் கிளிப் போட்டுக்கொண்டுதான் வர வேண்டும். எஞ்சினைப் பற்றிப் பேச வந்த பெரிய பெரிய ஆட்களெல்லாம் காயப்போட்ட துணி மாதிரி நின்று பேசிவிட்டுப் போனார்கள்.

இதுவரைக்கும் ஊர் சிரித்துக்கொண்டிருந்தது. எர்த் போட ஆரம்பித்ததும் சிரிப்பு நின்றது. மின்கசிவு ஆளை அடிக்காமல் தரைக்குள் இறங்க, குழி வெட்டிக் கம்பி நட்டு, சுற்றிலும் உப்பும் கரியும் கொட்ட வேண்டும். அவர் கொல்லையில் குழி வெட்டி, உப்பு மூட்டையும் கரி மூட்டையுமாக நின்றதை எதிர்வீட்டிலிருந்து யாரோ பார்த்துவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் பெண்கள் கூட்டம் வேலியருகே வந்துவிட்டது.

"யாருக்குயா வெச்சிக்கினு கீற?" என்றது முன்னால் நின்ற அம்மாள்.

"எனக்குத்தான்."

"தனக்குத் தானே செய்வினை வெச்சிக்கிற ஆள இப்பத்தான் பாக்கறேன்."

அவர் மின்சாரம் தரைக்குள் போவதை விளக்கினார். மின்சாரம் எதற்காகத் தரைக்குள் போக வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். எனக்கும் அதே சந்தேகம் இருந்தது. "சார் படிச்சவரு, அவரயே கேளுங்க" என்று என்னைக் காட்டினார். நான் வழக்கம்போல் தலையாட்டினேன். அன்றிலிருந்து என்னையும் அந்தப் பெண்கள் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்கள். போதாக்குறைக்கு மறுவாரமே, மிஷின் பெட்டிக்கு வாங்கிய கண்ணாடித் தகடு தாங்குமா என்று பார்க்க, அதன் பின்னால் ஒரு பூசணிக்காயை வைத்து, அதற்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் மாட்டி, என்னைச் சுத்தியலால் அடிக்கச் சொன்னார். தகடு தாங்கியது. பூசணிக்காய் பிழைத்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தவர்களுக்கு இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் தீர்ந்தது.

பிறகு பெட்டி. உலோகத் துகள் தெறிக்காமலும் சத்தம் வெளியே வராமலும் இருக்க, இல்லாத மிஷினைச் சுற்றி ஒரு பெட்டியைக் கட்டினார். பின்னறைக்குள்ளேயே வைத்துக் கட்டியதில் அது பீரோவைவிடப் பெரிதாகி, அறைக் கதவு வழியாக இனி வெளியே போகாது என்கிற நிலைக்கு வந்துவிட்டது. சத்தத்தை அடைக்க ஊரார் அன்போடு மீன் அனுப்புகிற தெர்மாகோல் பெட்டிகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். தீப்பிடிக்கும் என்று திருப்பி அனுப்பிவிட்டு, சென்னையிலிருந்து கல்லில் செய்த பஞ்சை வரவழைத்தார். கல்லில் எப்படிப் பஞ்சு வரும் என்று பிய்த்துப் பார்த்தவர்கள் எல்லோரும் ராத்திரி முழுக்கச் சொறிந்துகொண்டார்கள்.

பெட்டிக் கதவில் ஒரு சுவிட்ச். கதவு சரியாக மூடாவிட்டால் மிஷின் ஓடாது. கண்ணுக்குப் போடும் கண்ணாடியை மாட்ட சுவரில் ஒரு கொக்கி, அதிலும் ஒரு சுவிட்ச். கண்ணாடி கொக்கியில் தொங்கினால் ஆள் அதைப் போடவில்லை என்று அர்த்தம், அப்போதும் ஓடாது. ஓடாமல் இருப்பதற்கு இத்தனை ஏற்பாடு செய்துவிட்டு, ஓடுவதற்கு ஒரே ஒரு மோட்டாரை வாங்கிப் பலகையில் பொருத்திப் பெட்டிக்குள் வைத்தார். அதை ஒரு மத்தியானம் ஓட்டிப் பார்த்தார். பெட்டியில் இன்னும் பாதிப் பஞ்சு வைக்கவில்லை. ஊரே எழுந்து உட்கார்ந்துவிட்டது.

எங்கள் குப்பத்தில் மத்தியானம்தான் நடுராத்திரி. விடியுமுன் கடலுக்கும் ஏரிக்கும் போனவர்கள் மீனை ஏலம் போட்டுவிட்டு வந்து தூங்குகிற நேரம் அது. ராத்திரி ஓட்டலாமே என்றால் அப்போது பெண்களும் குழந்தைகளும் தூங்குவார்கள். ஊர்க் கூட்டத்தில் புகார் கொடுத்தவர் டிரைவர் ஏழுமலை. காசிமேட்டு விசைப்படகுகளில் காலமெல்லாம் எஞ்சின் ஓட்டிவிட்டு, முதுகுவலியால் கரையேறியவர். கரைக்கு வந்த நாளிலிருந்து அவருக்குக் கோழித்தூக்கம்தான். பக்கத்துத் தெருவில் பாத்திரம் விழுந்தாலும் சண்டைக்குப் போவார்.

ஊர்த் தலைவர் நியாயமாகத்தான் தீர்ப்புச் சொன்னார். "ஏழுமலை அந்தப் பொட்டி பக்கத்துல படுக்கட்டும். தூங்கினப்பறம் மிஷின ஓட்டு. அவன் முழிக்கலேன்னா நீ வெச்சிக்கலாம். முழிச்சிட்டான்னா பொட்டியப் பிரிச்சி எடுத்துக்கினு பொன்னேரிக்குப் போயிடணும்."

பொன்னேரி என்ற வார்த்தை செவப்பு பட்டனை உலுக்கிவிட்டது. பெட்டியைப் பிரிப்பது என்றால் உடைப்பதுதான். அதைவிட, அங்கே கொட்டகை பிடித்தால் காலையில் போய் இருட்டித்தான் வீடு திரும்ப முடியும். மிஷின் பேச்சையே எடுக்காத தேவகி அக்கா அன்றைக்கு மிச்சப் பஞ்சை அவரோடு உட்கார்ந்து அடைத்தார். இருவரும் சொறிந்துகொண்டே வேலை செய்ததைப் பார்த்தபோதுதான், இந்த ஆள் ஜெயிக்க வேண்டுமே என்று என் மனசு முதன்முதலாக அடித்துக்கொண்டது.

சோதனை நாள். பின்னறையில் ஏழுமலை சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுப் பாயில் நீட்டிப் படுத்தார். நானும் தலைவரும் லுங்கிக்குக் கிளிப் போட்டுக்கொண்டு சுவரோரம் நின்றோம். ஜன்னல் முழுக்கத் தலைகள். எல்லோரும் தன்னையே பார்த்தால் எவன்தான் தூங்குவான்? ஏழுமலை புரண்டு புரண்டு, கடைசியில் கண்ணை மூடினார். செவப்பு பட்டன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுவிட்சைத் தட்டினார்.

ஒரு சத்தமும் இல்லை. கூட்டம் அசந்துபோனது. தலைவர் என் காதில், "ஜோரா கட்டிக்கீறான் சார். ஊசி விழற சத்தங்கூட இல்ல" என்றார்.

"இன்னும் ஓடவே இல்ல தலைவரே" என்றார் செவப்பு பட்டன் பரிதாபமாக.

"நானும் இன்னும் தூங்கவே இல்ல" என்றார் ஏழுமலை, கண்ணை மூடியபடியே.

வேறு யாராவது என்றால் வாயை மூடிக்கொண்டு ஜெயித்திருப்பார்கள். இவர் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து தன் தோல்விக்குக் காரணம் தேடினார். கண்டுபிடித்தவன் நான்தான். ஏழுமலை தன் சட்டையை மாட்டியிருந்தது கண்ணாடிக் கொக்கியில். யாரோ கண்ணாடி போடவில்லை என்று மிஷின் தன் கடமையைச் செய்துகொண்டிருந்தது. சட்டையை எடுத்தேன். உடனே பெட்டிக்குள்ளிருந்து மெல்லிய உறுமல் ஒன்று கிளம்பியது. தரை வழியாக அது என் உள்ளங்கால் வரைக்கும் வந்தது. போச்சு, பொன்னேரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏழுமலையைப் பார்த்தோம். நெற்றிச் சுருக்கம் தளர்ந்தது. வாய் திறந்தது. குறட்டை வந்தது. அதுவும் சாதாரணக் குறட்டை இல்லை, மோட்டாரை அமுக்கிவிடுகிற குறட்டை. ஊரே குதூகலித்தது, ஆனால் சத்தம் போட முடியாதே. ஜன்னலில் இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு ஒருவர் முதுகில் ஒருவர் குத்திக்கொண்டார்கள். தலைவர் நுனிக்காலில் போய்ச் செவப்பு பட்டனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் கண்ணாடிக்குள் கண் கலங்கியிருந்தது.

இந்த நேரம் பார்த்து அடுப்படியிலிருந்து தேவகி அக்கா வந்தார். புருஷன் ஜெயித்துவிட்டார் என்று கேள்விப்பட்ட சந்தோஷத்தில், இனியாவது மனிதர் ஒரு வாய் சாப்பிடட்டும் என்று பழக்க தோஷத்தில் பட்டனை ஒரு குத்து விட்டார்.

மோட்டார் நின்றது. அதே நொடியில் ஏழுமலை பாயிலிருந்து எகிறினார். "எஞ்சின் நின்னுடுச்சி. நங்கூரத்தப் போடுங்கடா" என்று கத்திக்கொண்டே தலைவர் காலை மிதித்து, சுவரில் முட்டி நின்றார்.

அவர் முழித்தாரா, முழித்தார். சத்தத்தால் முழித்தாரா என்றால், இல்லை. சத்தம் நின்றதால்தான் முழித்தார். இது வெற்றியா தோல்வியா என்று ஊர் வெகுநேரம் குழம்பியது. எஞ்சின் பக்கத்திலேயே படுத்துப் பழகியவன் எஞ்சின் நின்றால் முழிக்காமல் என்ன செய்வான் என்றது ஒரு கட்சி. முழிப்பு முழிப்புதான் என்றது இன்னொன்று. கடைசியில் தலைவர் காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "மிஷின் ஓடட்டும். ஆனா ஏழுமலை தூங்கறப்போ நிறுத்தவே கூடாது. அவ்ளோதான்."

எல்லோருக்கும் திருப்தி. செவப்பு பட்டன் மட்டும் எழுந்து நின்று கும்பிட்டார்.

"மன்னிச்சிக்குங்க தலைவரே. நிறுத்தக் கூடாதுன்னா எனக்கு அந்த மிஷினே வேணாம். பொட்டிய ஒடச்சிடறேன்."

அன்று மாலை முழுக்க நான் அவரிடம் மன்றாடினேன். அசையவில்லை. மறுநாள் மத்தியானம் கடப்பாரையோடு பெட்டி முன்னால் நின்றுகொண்டிருந்தார். வாசலில் நிழல் தட்டியது. டிரைவர் ஏழுமலை, கக்கத்தில் தலையணை, லுங்கியில் நாலு பக்கமும் கிளிப். சட்டையைக் கொக்கியில் மாட்டிவிடக் கூடாது என்று வீட்டிலேயே கழற்றிவிட்டு வந்திருந்தார்.

"இன்னிக்கி டெஸ்ட்டு இல்லியா?"

"எல்லாந்தான் முடிஞ்சி போச்சே ஏழுமல."

ஏழுமலை தரையைப் பார்த்தார். "கரைக்கு வந்த நாள்லேந்து நேத்துதாம்பா தூங்கனேன். ஆபத்துன்னா நீ நிறுத்திக்கோ. நான் எழுந்துக்கறேன். தலைவராண்ட நான் சொல்லிக்கிறேன்."

"ஆபத்துன்னாதான் நிறுத்துவேன். சோத்துக்கு நிறுத்த மாட்டேன்" என்று செவப்பு பட்டன் அடுப்படிப் பக்கம் திரும்பிச் சத்தமாகச் சொல்லிவிட்டு, கடப்பாரையை மூலையில் சாத்தினார்.

போன மாதம் பழவேற்காட்டுக்குப் போயிருந்தேன். பெட்டி இருக்கிறது. மிஷின் இன்னும் வரவில்லை. எப்படி வரும்? மத்தியானமானால் அந்த மோட்டாருக்கு ஏழுமலையைத் தூங்கவைக்கிற வேலை. ஓடுகிற மோட்டாரைத் தனியாக விடக் கூடாது என்பதால் இவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிற வேலை. ஒரு கையைப் பட்டன் மேல் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் விசிறிக்கொண்டிருந்தார். "அண்ணே, மிஷின் எப்ப?" என்றேன். உதட்டில் விரலை வைத்து ஏழுமலையைக் காட்டினார். "இருங்க சார். இன்னும் பாதுகாப்பே முடியல" என்றார் ரகசியமாக.

இப்போது நான் இருக்கிற அடுக்ககத்தில் கரண்ட் போனால் எல்லோரும் வராந்தாவுக்கு வந்து யாரையாவது திட்டுகிறார்கள். எனக்கு மட்டும் கோபம் வருவதில்லை. பழவேற்காட்டில் தேவகி அக்கா ஒரு குத்து விட்டிருப்பார், ஏழுமலை எழுந்திருப்பார், அந்த மனிதர் தட்டு முன்னால் வந்து உட்கார்ந்திருப்பார் என்று இருட்டிலே நினைத்துக்கொள்கிறேன். நேரத்துக்குச் சாப்பிட்டால் சரி.