கிராணி வீட்டுக் கக்கூஸ் விவரம்

ஈப்போவுக்கு அடுத்த தோட்டம்,
14 ஆகஸ்டு 1926

மதிப்புக்குரிய மச்சான் ஐயாவு அவர்களுக்கு, தங்கள் தங்கையின் கணவன் கார்த்திகேசு வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நான் சுகம். கோலா கங்சாரில் தாங்களும் வீட்டாரும், முக்கியமாக நல்லம்மாளும், சுகமாக இருப்பதை அறிய ஆவல். இந்தக் கடிதத்தையும் வழக்கம்போல் அவளுக்கு உரக்கப் படித்துக் காட்டுவீர்கள். கூடம் முழுக்கக் கேட்கும். ஆகவே கக்கூஸ் விஷயம் மட்டும் எழுதுகிறேன்.

துரை தம் பங்களாவுக்குப் புதுப் பீங்கான் வரவழைத்துப் பழையதைத் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியான என் வீட்டுக்குத் தள்ளிவிட்டது தங்களுக்குத் தெரியும். தோட்டத்தில் துரைக்கு அடுத்தபடி சங்கிலி இழுக்கும் கக்கூஸ் எனக்குத்தான். அந்தப் பெருமை இரண்டு வாரம் இருந்தது. பிறகு ஒருநாள் நல்லம்மாள் இழுத்தபோது சங்கிலி அறுந்து, மரப்பிடி அவள் தலையில் விழுந்தது. நான் வாசித்துக்கொண்டிருந்தேன். புத்தகத்திலிருந்து நிமிராமல், "மெதுவா இழுத்தா என்ன?" என்றேன். மறுநாள் பெட்டியைக் கட்டினாள். "கக்கூஸ் சரியானதும் எழுதுங்க, வாரேன்." அவ்வளவுதான் சொன்னாள். இரண்டு மாதமாகிறது. வீக்கம் வடிந்திருக்கும்.

சங்கிலிக்குப் பதில் கயிறு கட்டினேன். கயிறு நனைந்து இறுகி, இழுத்தது இழுத்தபடியே நின்றது. அதைச் சரிசெய்ய மேலே ஏறியபோது தொட்டிக்குள் மிதக்க வேண்டிய செப்பு உருண்டை ஓட்டை விழுந்து மூழ்கிக் கிடந்தது; அது மூழ்கினால் தண்ணீர் நிற்காதாம். ஓட்டையை ஈயம் வைத்து அடைத்தேன். உருண்டை மிதந்தது. உடனே கீழே குழாய் மூட்டு ஒழுக ஆரம்பித்தது. சொட்டுச் சொட்டாக. அதை உடனே நிறுத்த மனம் வரவில்லை. வீட்டில் வேறு சத்தம் இல்லை.

ரப்பர் ஷீட்டு அடிக்கும் சன்னாசிதான் வழி சொன்னார். "பால் இருக்கையில ஈயம் எதுக்குங்க கிராணி? ரெண்டு பூச்சு பூசுனா செத்தாலும் ஒழுகாது." வாளி நிறைய ரப்பர் பால் கொண்டுவந்து மூட்டில் பூசினார். மிச்சத்தைப் பீங்கானிலேயே கொட்டி வாளியைக் கழுவிக்கொண்டு போனார். நான் கவனிக்கவில்லை. அன்று மாலையே, கறை போகட்டும் என்று, ஆலையிலிருந்து ஒரு போத்தல் திராவகம் கொண்டுவந்து அதே பீங்கானில் ஊற்றினேன். ரப்பர் பாலில் திராவகம் ஊற்றினால் என்ன ஆகும் என்பது இந்தத் தோட்டத்தில் தவழும் குழந்தைக்கும் தெரியும். நான் சென்னையில் தத்துவம் படித்தவன்.

காலையில் பீங்கான் நிறைய ரப்பர். வெள்ளையாக, கெட்டியாக, அசையாமல். சன்னாசியும் அவர் மனைவி மாரியம்மாவும் வந்தார்கள். பின்னால் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பாதியும் வந்தது. சன்னாசி பீங்கானில் காலை ஊன்றி இழுத்தார். குழாயின் வளைவு அப்படியே வார்ப்பாக வெளியே வந்தது.

"அம்மா போனதுலேருந்து கிராணி இதத்தான் உற்பத்தி பண்ணிக்கிட்டிருந்தாரா!" என்றார் மாரியம்மா.

சன்னாசி அதை வெயிலில் தூக்கிப் பார்த்தார். "மொதத் தரம் இல்ல. குமிழி இருக்கு. புகை போட்டா ரெண்டாந்தரத்துல தள்ளிரலாம்."

சிரிப்பு அடங்கியதும் மாரியம்மா மெதுவாகக் கேட்டார். "அம்மா எப்பங்க வாராங்க?"

"கக்கூஸ் சரியானதும்."

"கக்கூஸ் கோளாறுக்கா பொட்டியக் கட்டுனாங்க?"

நான் ரப்பரின் குமிழிகளைக் கவனமாகப் பார்த்தேன்.

இப்போது அடைப்பு இல்லை, நாற்றம் இருக்கிறது. பங்களாவில் குழாய் வேலை பார்க்கும் சீனரை அழைத்துவந்தேன். வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்க வேண்டும், புழங்காமல் விட்டால் அது காய்ந்துபோகும், காய்ந்தால் நாற்றம் மேலே வரும் என்று மலாயில் விளக்கினார். வீடுகளும் அப்படித்தானா என்று கேட்க நினைத்தேன். அந்த அளவுக்கு எனக்கு மலாய் வராது.

ஆக, இன்னும் சரியாகவில்லை. ஒரு மாதமாவது ஆகும். அவசரமில்லை என்று நல்லம்மாளிடம் சொல்லவும். பெரியவர்களுக்கு என் நமஸ்காரம், பிள்ளைகளுக்கு ஆசி. தங்கள் இல்லத்துக் குழாய்கள் யாவும் தடையின்றி ஓட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கார்த்திகேசு

பின்குறிப்பு: இதைப் படித்துக் காட்ட வேண்டாம். கக்கூஸ் சரியாகிப் பதினெட்டு நாளாகிறது. நாற்றமில்லை, ஒழுகலில்லை. புதுச் சங்கிலி. தினமும் இழுத்துப் பார்க்கிறேன். போன கடிதத்தில் எழுதியதும் பொய்தான். சரியாகிவிட்டது என்று எழுதி, அதன் பிறகும் அவள் வராவிட்டால், காரணம் நான் என்றாகிவிடும். கெட்டுப்போன கக்கூஸ் இருக்கும்வரை அந்தப் பயமில்லை.

இல்லை மச்சான். இதை மட்டும் படித்துக் காட்டுங்கள். வெள்ளிக்கிழமை மாலை வண்டிக்கு ஈப்போ ஸ்டேஷனில் நிற்பேன். அதில் அவள் இல்லாவிட்டால், சனிக்கிழமை வண்டிக்கும்.